மலமாதிரி எடுத்தலும் ஆய்வுகூடம் சேர்த்தலும்

எருக்கும்பியின் அருகில் ஒரு பிடி மண்ணை அள்ளி அனுப்பிவிட்டு, அதனால் வயல் முழுவதன் தன்மையை அறிந்துகொள்ளலாம் என்று எண்ணும் கமக்காரர் இன்று மிகச் சிலரே. மண்மாதிரியை எங்கே எடுக்கவேண்டும், எவ்வாறு கலக்கவேண்டும், எதிற் கட்டவேண்டும் என்பவற்றை நம்மவர் நன்கு கற்றுக்கொண்டனர். ஆனால் அதே கமக்காரர் தமது உடலின் நோயை அறியும்பொருட்டு வைத்தியர் மலமாதிரி கேட்கும்போது, கிடைத்த பேணியில், கிடைத்த நேரத்தில், கிடைத்ததை இட்டுக் கொண்டுசென்று கொடுத்துவிடுகின்றனர். “ஒன்றும் காணப்படவில்லை” என்று விடை வருகின்றது. மாதிரி கெட்டதனால் வந்த விடையை நோயின்மை என்று கருதி வீடு திரும்புகின்றனர். ஆய்வுகூடத்தார் எவ்வளவு திறமையுடையவராயினும் போத்தலினுள் உள்ளதைத் தவிர வேறொன்றைக் காணமாட்டார். ஆகையால் மலம் கழித்த முதல் ஒரு மணித்தியாலத்தில் கமக்காரர் செய்வதே சோதனையின் பெரும்பகுதி எனலாம்.

இப்பொருளை விவசாயப் பிரசுரமொன்றில் எடுத்துக்கூறுவதற்குக் காரணம் உண்டு. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வெறுங்காலுடன் நின்று வேலைசெய்வோரையே கொழுக்கிப்புழு பெரிதும் பற்றுகின்றது. இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு நிலத்தில் விழுந்து ஓரிரு நாளிற் பொரிக்கின்றன. அவற்றினின்று வரும் குடம்பிகள் ஐந்து முதல் பத்து நாட்களுள் மனிதனின் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. கால்விரல்களின் இடுக்கு அவற்றுக்கு எளிதான வழி. அங்கே உண்டாகும் அரிப்பைச் சேற்றுப்புண் என்று கருதி விட்டுவிடுவோர் பலர். உட்புகுந்த குடம்பி இரத்தத்தோடு சென்று சுவாசப்பையை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிற் குடியேறுகின்றது. இவ்வாறு தோல்வழியாகப் புகுதலைக் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமது கையிலேயே கண்டறிந்தார்.

இலங்கையில் பெரும்பாலும் காணப்படும் இனத்தைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கச் செய்கின்றது. துளியிலும் சிறிய அளவு என்று இதனை அலட்சியம் செய்தல் ஆகாது. நூறு புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர், மாதமொன்றுக்கு 90 மில்லிலீற்றர் இரத்தம் போய்விடும். இரும்புச்சத்துக் குறைந்த உணவை உண்பவர் இவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. மண்வெட்டியை முன்போல ஓங்க முடியாமை, வரம்பில் நடக்கும்போதே மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறம் வெளிறுதல் என்பன தோன்றுகின்றன. வயது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வேலையைக் குறைப்பவர்களுள் எத்தனை பேருக்கு இதுவே காரணமோ!

1916-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன், மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் மலத்தைச் சோதித்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இப்புழுவைக் கொண்டிருந்தனர். மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. ஆனால் மலகூடங்கள் போதியனவாய் இராமையால் அதே மண்ணிலிருந்து அதே கால்களில் மீண்டும் ஏறின. இன்று இந்நோய் நாட்டிற் பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் அடியோடு நீங்கிற்று என்று எவரும் கூறமுடியாது. குறைந்த நோயைக் கண்டுபிடித்தல் மிகுந்த நோயைக் கண்டுபிடித்தலிலும் கடினம் என்பதால், மாதிரியைச் செம்மையாக எடுக்கவேண்டிய தேவை இப்போது முன்னையிலும் கூடியுள்ளது.

கொழும்பு வீடுகளும் கமக்காரரின் கைகளும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீடுகளில் வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்கின்றனர். அடுப்பின் வெப்பம் அக்கீரையை அணுகுவதில்லை. கீரையைப் பிடுங்கியவர், கட்டியவர், வாடாமல் இருக்கும்பொருட்டுக் கானிலோ வாய்க்காலிலோ நனைத்தவர் ஆகியோரின் கைகளில் இருந்தது எதுவோ அது அவ்வீட்டுத் தட்டுக்குச் செல்லும். கொழும்பு நகரின் கழிவுநீர் குழாய்வழியே சென்று வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுட் சேர்க்கப்படுகின்றது. ஆயினும் அக்குழாய்களிற் சேராத கழிவும் நகரின் வாய்க்கால்களிற் கலப்பதுண்டு. நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் கங்குனும் பொன்னாங்காணியும் பயிரிடுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் கீரையை அந்நீரிற் கழுவுதல் கழுவாதிருத்தலினும் தீது.

நெருப்புக்காய்ச்சற் கிருமி, நோய் மாறிய பின்னும், சிலருடைய பித்தப்பையிற் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அவர்களுக்கு யாதொரு வருத்தமும் இராது. உண்பர், உழைப்பர், ஆனால் மலத்தோடு கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருப்பர். இத்தகையோரை மலப்பரிசோதனையே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கின்றது. நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு, வாந்திபேதி என்பன 1897-ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படவேண்டிய நோய்கள். ஆகையால், வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மற்றையோரின் மலத்தையும் கேட்பாராயின், அவர் மீது சினங்கொள்ள வேண்டியதில்லை. தோட்டத்தை விற்பனைக்குத் தடைசெய்யும் எண்ணத்துடன் அவர் வருவதில்லை.

எதனைத் தேடுகின்றனர் என்று கேட்டறிக

மாதிரியைக் குளிரில் வைக்கவேண்டுமா, வைக்கலாகாதா என்னும் கேள்விக்கு ஒருவர் ஆம் என்பார், மற்றொருவர் அன்று என்பார். இருவர் கூற்றும் சரியானதே. தேடப்படும் பொருள் எதுவோ அதற்கேற்ப விதி மாறுகின்றது. கமக்காரர் வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: “ஐயா, இதிலே என்ன பார்க்கப்போகின்றீர்கள்?”

புழுவின் முட்டையைத் தேடுவதாயின் ஓரளவு கால அவகாசம் உண்டு. கட்டியான மலத்தை உடனே கொடுக்க இயலாவிடின், உறையாமல், 2 முதல் 8 பாகை சதமளவைக் குளிரில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்க்கலாம். வெப்பமான இடத்தில் ஒரு நாள் கிடந்தாலோ கொழுக்கிப்புழுவின் முட்டைகள் போத்தலினுள்ளேயே பொரித்துவிடும். அப்போது நுணுக்குக்காட்டியில் தோன்றும் குடம்பிகள், குடலிலேயே பொரிக்கும் வேறோர் இனப் புழுவின் குடம்பிகளை ஒத்திருப்பதால், நோயின் பெயரே மாறிவிடக்கூடும். அவ்வேறினத்தின் குடம்பியைத் தேடுவதாயின் குளிரும் உதவாது. குளிரில் அவை மடியும். புதிதாகவே கொடுத்தல் வேண்டும்.

அமீபாவினால் வரும் வயிற்றுளைவில் நிலைமை மிகவும் நெருக்கடியானது. நீர்த்த மலத்தில் அசைந்து திரியும் அமீபா உடலுக்கு வெளியே அரை மணித்தியாலத்துக்கு மேல் உருவழியாதிருத்தல் அரிது. குளிரூட்டினாலும் அது பயன்படாது. இச்சோதனைக்கு ஆய்வுகூடத்தின் மலகூடத்திலேயே மாதிரி எடுத்துக் கொடுத்தலைப் போன்ற நல்வழி வேறில்லை. மலம் சற்று இறுகியிருந்தால் ஒரு மணித்தியாலம் வரை பொறுக்கலாம்.

பற்றீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மணித்தியாலத்துள் மாதிரி சேரவேண்டும். வயிற்றுளைவை உண்டாக்கும் கிருமி மலம் புளிப்படையும்போது விரைவில் இறந்துபோகும். தாமதம் தவிர்க்க முடியாததாயின், வைத்தியசாலையில் கரி–பிளெயர் என்னும் காப்புப்பொருள் இட்ட குழாயைப் பெற்று, அதிலுள்ள பஞ்சுக்கோலில் மலத்தைத் தோய்த்து இட்டு அனுப்புவர். போமலின் இட்ட போத்தல் தரப்பட்டால் அது புழுமுட்டைக்கும் அமீபாவின் உறைகளுக்குமே உரியது. அதில் இட்ட மலத்திற் கிருமி எதுவும் உயிரோடிராது. வளர்ப்புச் சோதனைக்கு அதனைக் கொடுத்தல் வீண். அந்நீர் நஞ்சாகையால் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்குக.

மருந்துகளையும் மறத்தலாகாது. கிருமிகொல்லி மாத்திரைகளை விழுங்கியபின் எடுத்த மாதிரியிற் கிருமி வளராது. ஆகவே மாதிரியை முதலில் எடுத்து, மருந்தைப் பின்னர் தொடங்குதல் முறை. விளக்கெண்ணெய், திரவப் பரபீன், வயிற்றெரிவுக்கான சுண்ணப் பாகுகள் என்பனவும் நுணுக்குக்காட்டியின் பார்வையை மறைக்கும். இவற்றுள் எதையேனும் கடந்த இரண்டு வாரத்துள் உட்கொண்டிருப்பின் அதனை வைத்தியரிடம் கூறுக. அவர் விதித்த மருந்தைத் தாமாகவே நிறுத்துதலும் தவறு.

எடுக்கும் முறை

அகன்ற வாயும் திருகுமூடியும் உள்ள உலர்ந்த போத்தலை ஆய்வுகூடத்திற் பெற்றுக்கொள்வது நன்று. பால்மாப் பேணி, மருந்துப் போத்தல், பழப்பாகுப் போத்தல் என்பவற்றிற் பழைய பொருளின் சுவடு எஞ்சியிருக்கும். கிருமிநாசினியாற் கழுவிய போத்தலோ உள்ளிருக்கும் கிருமியைக் கொன்றுவிடும். துப்புரவாகச் செய்யவேண்டும் என்னும் நல்லெண்ணமே இங்குச் சோதனையைக் கெடுக்கின்றது. தீப்பெட்டியில் மலத்தை இட்டுக் கொணரும் பழைய வழக்கத்தை முற்றாகக் கைவிடுதல் வேண்டும். அட்டை ஈரத்தை உறிஞ்சிவிடும். எடுத்துச்செல்பவரின் கையும் அழுக்காகும்.

முதலிற் சிறுநீரைத் தனியே கழித்துவிடவேண்டும். சிறுநீர் பட்டால் அமீபா அழியும். பின்னர் குந்தும் இடத்தில் உலர்ந்த புதுக் கடுதாசியையோ பொலித்தீன் தாளையோ விரித்து அதன்மேல் மலம் கழிக்குக. மலகூடக் குழியின் நீரிலிருந்து எடுத்தலாகாது. அந்நீரில் தாமாக வாழும் நுண்ணுயிர்கள் மாதிரியிற் கலந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். தோட்டத்து மண்ணில் விழுந்ததை எடுத்தலும் அவ்வாறே. மண்ணிற் பலவகை நுண்புழுக்கள் இயல்பாக வாழ்கின்றன. அவற்றுக்கும் நோயாளிக்கும் தொடர்பில்லை. ஆனால் நுணுக்குக்காட்டிக்கு அது தெரியாது.

போத்தலோடு தரப்பட்ட கரண்டியாலோ துப்புரவான ஒரு குச்சியாலோ நெல்லிக்காயளவு மலத்தை எடுத்தாற் போதும். நீர்த்திருப்பின் இரண்டு மேசைக்கரண்டி அளவு கொள்க. சளியோ இரத்தமோ காணப்படும் பகுதியை விலக்கிவிட்டு நல்ல பகுதியைத் தேடி எடுப்பவர் உண்டு. வைத்தியருக்கு வேண்டுவது அவ்விலக்கப்பட்ட பகுதியே. அவ்வாறு ஒன்றும் காணப்படாவிடின், மண்மாதிரி எடுப்பதுபோல, முன்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி ஆகிய மூன்றிலும் சிறிது சிறிதாக எடுக்கலாம். போத்தலை நிரப்பலாகாது, அரைவாசிக்கு மேல் இட்டால் வாயு பெருகி மூடியைத் திறக்கும்போது தெறிக்கும். கைக்குழந்தையாயின் அணையாடையின் உட்புறம் மெல்லிய பொலித்தீனை விரித்துவைத்தால் மலம் துணியில் ஊறிப்போகாது.

பெயர், வயது, தேதி, மலம் கழித்த நேரம் என்பவற்றைப் போத்தலின் உடற்பகுதியில் ஒட்டிய தாளில் எழுதுக. மூடியில் எழுதினால், பத்துப் போத்தல்கள் ஒரே மேசையிற் திறக்கப்படும் இடத்தில் மூடிகள் மாறும். ஒருவரின் நோய் மற்றவருக்குப் போய்ச்சேரும். வைத்தியரின் கடிதத்தைப் போத்தலைச் சுற்றிக் கட்டாமல் தனி உறையில் வைத்தல் வேண்டும். எஞ்சிய மலத்தையும் தாளையும் மலகூடக் குழியில் இடலாமெனின் மலத்தை மட்டுமே இடுக. பொலித்தீனை வேறாகக் கட்டி அப்புறப்படுத்துக. சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவிய பின்னரே வேறெதனையும் தொடுதல் தகும்.

கொழும்பில் மாதிரியைக் கொண்டுசெல்லுதல்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளினின்று வைத்தியத்தின்பொருட்டுக் கொழும்புக்கு வருவோர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் அல்லது விடுதியில் தங்குதல் வழக்கம். ஊரிலேயே மாதிரியை எடுத்து, இரவுப் பேருந்திற் கைப்பையில் வைத்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொண்டுவந்து, காலையில் வைத்தியசாலையிற் கொடுப்பவர்களும் இருக்கின்றனர். இதனிலும் பயனற்ற பயணம் ஒன்று இருத்தல் இயலாது. ஊருக்கு அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலையிலே கொடுத்து விடையை மட்டும் கொண்டுவருக. அல்லாவிடின் கொழும்பிற் தங்கிய பின்னர் அவ்விடத்திலேயே எடுக்குக.

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் எடுத்த மாதிரி தேசிய வைத்தியசாலையை எப்போது அடையும் என்பது காலி வீதியின் நெரிசலைப் பொறுத்தது. அந்நேரத்தைக் கணக்கிட்டே எடுத்தல் வேண்டும். வெயில் படும் யன்னலோரத்திலும், வாகனத்தின் பொறிக்கு அருகிலும் போத்தலை வைக்கலாகாது. மூடியை இறுக்கி, ஒரு பொலித்தீன் உறையிலிட்டு, அதனை மற்றோர் உறையினுள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுசெல்லுக. குளிரில் வைக்கவேண்டிய மாதிரியை உறவினர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்கும் பாலுக்கும் நடுவே வைத்தல் தகாது. வாயகன்ற வெந்நீர்க்குடுவை ஒன்றில் பனிக்கட்டியைக் கட்டி வைத்து, அதற்கென்றே அதனை ஒதுக்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் பல ஆய்வுகூடங்கள் மாதிரி ஏற்பதில்லை. முதல் நாட் பிற்பகலில் எடுத்துவைத்து மறுநாள் கதவு பூட்டியிருக்கக் காண்பதிலும், நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வது எளிது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம், 1900-ஆம் ஆண்டிற் பற்றீரியா ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, நாட்டின் தலைமை ஆய்வுகூடமாக விளங்குவது. சிறப்புச் சோதனைகள் தேவைப்படும்போது வைத்தியசாலைகளே அங்கு மாதிரிகளை அனுப்பிவைக்கின்றன.

அத்தகைய சிறப்புச் சோதனை ஒன்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையோ காலோ திடீரெனச் சோர்ந்து செயலற்றுப்போனால், பதினான்கு நாட்களுள், குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில், இரண்டு மலமாதிரிகள் எடுக்கப்படும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 கிராம் இருக்கவேண்டும். பனிக்கட்டியில் வைத்தே பொரளைக்கு அனுப்பப்படும். இளம்பிள்ளைவாதக் கிருமி நாட்டில் இல்லை என்பதை உறுதிசெய்யும் வழி இதுவே. இலங்கையில் 1993-ஆம் ஆண்டுக்குப்பின் அந்நோய் காணப்படவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தென்கிழக்காசியப் பிரதேசம் முழுவதும் அந்நோய் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கால் சோர்ந்த பிள்ளைக்கு மலத்தை ஏன் கேட்கின்றனர் என்று வியந்து தாமதிக்கும் பெற்றோர் அச்சான்றின் பின்னே உள்ள உழைப்பை அறியார்.

ஒரு விடை போதாது

நியூயோர்க் நகரில் மேரி மல்லன் என்னும் சமையற்காரி 1907-ஆம் ஆண்டிற் பிடித்துத் தனிமையில் வைக்கப்பட்டார். அவர் வேலைசெய்த வீடுகளுட் பெரும்பாலானவற்றில் நெருப்புக்காய்ச்சல் தோன்றியிருந்தது. அவரோ நோயேதுமின்றி இருந்தார். 1907-க்கும் 1909-க்கும் இடையில் அவரிடமிருந்து எடுத்த 163 மலமாதிரிகளுள் 120-இற் கிருமி இருந்தது. எஞ்சிய 43-இல் இல்லை. அந்நாற்பத்து மூன்றில் ஒன்றை மட்டும் சோதித்திருந்தால், அவரைக் குற்றமற்றவர் என்று அனுப்பியிருப்பர்.

கிருமியும் முட்டையும் நாள்தோறும் ஒரே அளவில் வெளிவருவனவல்ல. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டைகளை இடுமாகையால் அதனைக் காணுதல் எளிது. கொழுக்கிப்புழு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரையே இடும். குடலிற் சில புழுக்களே இருப்பின் ஒரு மாதிரியில் ஒன்றும் அகப்படாதிருக்கலாம். ஆகவே ஒன்றுவிட்ட ஒரு நாளாக, பத்து நாட்களுள், மூன்று மாதிரிகள் கேட்கப்படுகின்றன. மூன்றையும் ஒரே நாளில் எடுத்து மூன்று போத்தலில் இட்டுக் கொடுப்பவர் ஒரு மாதிரியையே மும்முறை கொடுத்தவராவர்.

மேலும், கொழுக்கிப்புழு தோல்வழியாகப் புகுந்து முட்டையிடத் தொடங்க ஐந்து முதல் எட்டு வாரம் செல்லும். வட்டப்புழுவுக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். நாற்று நட்ட வாரத்திற் காலில் அரிப்புக் கண்டவர் அடுத்த வாரமே மலத்தைச் சோதிப்பாராயின் புழு இருந்தும் முட்டை இராது. நடுகை முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சோதித்தலே பொருத்தமானது. தாம் வயலில் வெறுங்காலோடு வேலைசெய்பவர் என்பதையும், தோட்டத்துக்கு இடும் பசளை எதுவென்பதையும் வைத்தியரிடம் சொல்லுக. இச்செய்தியை அறிந்த ஆய்வுகூடத்தார் எதனைத் தேடவேண்டும் என்பதை அறிந்து தேடுவர்.

கால்நடைகளின் சாணத்தைச் சோதிக்கவும் ஏறக்குறைய இவ்விதிகளே உதவும். வயலில் உழும் எருமையின் ஈரலில் தட்டைப்புழு இருக்குமோ என்னும் ஐயம் தோன்றினால், தொழுவத் தரையிற் கிடக்கும் சாணத்தை அள்ளாமல், மிருகம் இடும்போதே ஏந்தி எடுத்து, மேற்கூறியவாறு போத்தலில் இட்டு, மிருக வைத்தியரிடம் அன்றே கொடுத்தல் வேண்டும். பட்டியில் ஒரு மாட்டைச் சோதித்து மற்றவற்றையும் அதனால் அளவிடுதல் கூடாது.

புழுமருந்து உட்கொண்டவர் இரண்டு மூன்று வாரம் சென்றபின் மீண்டும் ஒரு மாதிரியைக் கொடுத்து, முட்டைகள் நீங்கினவா என அறிந்துகொள்ளல் வேண்டும். நெருப்புக்காய்ச்சற் கிருமியை வெளியேற்றுபவர் என்று காணப்பட்டவருக்கோ ஒரு மாதிரி போதாது. எத்தனை மாதிரிகள், எத்தனை நாள் இடைவெளியில் என்பதைப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி குறிப்பிடுவார். அவை யாவும் கிருமியின்றி இருக்கக் காணும்வரை, பச்சையாக உண்ணப்படும் கீரைகளைப் பிடுங்குதலையும் கட்டுதலையும் வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைத்து, அவர் தண்ணீர் இறைத்தல், வரப்புக் கட்டுதல் முதலிய வேலைகளைப் பார்க்கலாம்.